முப்பது வருஷம் ஷெட்டில் நின்ற ஹெரால்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா வீட்டுக்குப் பின்னால் ஓட்டு ஷெட்டில் 1969 மாடல் நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது, 1994-க்கு அப்புறம் யாரும் எடுக்கவில்லை. தெரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, புது பேட்டரி போட்டு நாலு லிட்டர் பெட்ரோல் ஊற்றி இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்கிறார். டிங்கர் ஒருவர் பாடியை மொத்தமாக இறக்கி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத் தர விலை சொல்லியிருக்கிறார். எதை முதலில் செய்வது?

இரண்டும் வேண்டாம், தம்பி. முதல் வேலை பிரேக்கும் முன் சக்கரத்தைத் தாங்கும் பாகங்களும், அப்புறம் பாடியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ், அப்புறம்தான் இன்ஜின். பெயிண்ட் கடைசி, அதுவும் பணம் மிச்சமிருந்தால். நம் ஊரில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. முதலில் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுவார்கள், கையில் இருந்த காசெல்லாம் அதிலேயே போய்விடும், உள்ளே பிரேக் சிலிண்டர் துருப்பிடித்துக் கிடக்கும், வண்டி கல்யாண மண்டப வாசலில் பூ சுற்றி நிற்க மட்டும்தான் லாயக்கு. தாத்தா ஓட்டிய வண்டியை நீங்களும் ஓட்ட வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள், அந்த எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது என்ன வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது மெட்ராஸ் வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்குப் பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை இருந்தது, 1961-லிருந்து அங்கே ஹெரால்டு தயாரானது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, 948 சிசி இன்ஜின். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இங்கே செய்தது, இங்கிலாந்தில் அப்படியொரு மாடல் விற்கப்படவே இல்லை. பார்ட்ஸ் தேடும்போது இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இன்ஜின், பிரேக், முன் சஸ்பென்ஷன் சாமான்களில் பெரும்பாலானவற்றை டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்காக இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஆர்டர் போட்டால் வரும். பின் கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், இவையெல்லாம் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. அதனால் டிங்கர் "இது மட்கிப் போச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசா தட்டிக்கலாம்" என்று பின் கதவைக் காட்டிச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு கைப்பிடியைக்கூட வெளியே விடாதீர்கள்.

இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது ஏன் கூடாது? முப்பது வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம், வால்வுகள் கைடுக்குள் இறுகியிருக்கலாம், பேரிங்கில் இருந்த ஆயில் எப்போதோ கீழே வடிந்திருக்கும். முன்னால் இருந்து இன்னொரு வண்டி முழு பலத்தோடு இழுக்கும்போது ரிங் உடையும், புஷ்ராடு வளையும், காய்ந்த பேரிங் தேயும். அரை மணி நேரப் பொறுமையின்மைக்கு ஒரு முழு இன்ஜின் ஓவர்ஹால் விலை. போதாக்குறைக்கு, இழுக்கப்படும் அந்த வண்டியில் பிரேக்கே கிடையாது.

ஷெட்டில் வைத்தே செய்ய வேண்டியது இது. நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் பாதிப் பாதி கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் விட்டு, துணியால் மூடிவிட்டு ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். நடுவில் ஒருமுறை கொஞ்சம் சேர்க்கலாம். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினுக்கு முன்னால், அதன் சுழலும் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு விரல் அளவு அசைந்தாலே போதும், முன்னும் பின்னுமாக ஆட்ட ஆட்ட விட்டுக்கொடுக்கும். பைப் மாட்டி நெம்பாதீர்கள். அசையவே இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம். அப்போதும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும், டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம், இவ்வளவு வசதி பழைய கார்களில் அபூர்வம்.

புல்லி சுற்ற ஆரம்பித்ததும் இன்னொரு சோதனை. ஒருவரை உள்ளே உட்கார வைத்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள், நீங்கள் புல்லியைப் பாருங்கள். கிளட்ச் ஹைட்ராலிக் என்பதால் அதன் சிலிண்டரும் செத்திருக்கலாம், அப்போது புல்லியை நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கிராங்க் கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னால் வந்து போனால், அது அப்படி நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை அசைவு சரி. அதற்கு மேல் போனால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கி வாஷர் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உள்ள பலவீனம் இது. வாஷர் கழன்று சம்ப்பில் விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும், அப்புறம் பிளாக்கே போச்சு. வாஷர் சின்னப் பொருள்.

பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் இரண்டின் டிரெயின் பிளக்கையும் திறந்து பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷெட் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரத்தின் நடுவுக்கு மேலா கீழா என்று அளந்து பாருங்கள். மேலே இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர் வரும், அதற்குப் பின்னால்தான் ஆயில் வரும், ஏனென்றால் தண்ணீர் அடியில் தங்கும். பால் கலந்த டீ நிறத்தில் வந்தாலும் அதே கதைதான்.

பிரேக்குக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் சிலிண்டருக்குள் குழி குழியாகத் துருவை உண்டாக்கியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், சக்கரங்களில் இருக்கும் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எதையும் நம்பாதீர்கள். பழைய சிலிண்டரில் புது ரப்பர் மட்டும் மாற்றினால் அந்தக் குழிகள் ஒரு மாதத்தில் ரப்பரைக் கிழித்துவிடும். ஒன்று புதுசு வாங்குங்கள், இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து பித்தளை ஸ்லீவ் போட்டு வாங்குங்கள், அது புதுசைவிட நீண்ட நாள் வரும். இரும்புக் குழாய்களுக்குப் பதில் குப்ரோ-நிக்கல் குழாய் கிடைத்தால் அதையே போடுங்கள், உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. முக்கியமாக ஒன்று: இந்த வண்டியில் ஒரே பிரேக் லைன்தான். ஒரு இடத்தில் லீக் ஆனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். இப்போதைய கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓட்டிப் பார்க்கும் வரை புரியாது.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற இடம். ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றையும் கீழே தாங்குவது டிரன்னியன் என்ற ஒரு வெண்கலப் பாகம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை இந்த வெண்கலத்துக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரம் அந்த மரையின் மேல்தான் திரும்புகிறது. ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை, அதனால் மாற்றி மாட்ட முடியாது. இதற்குக் கம்பெனி சொன்னது கியர் ஆயில், ஈபி 90. ஆனால் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கிறதே என்று நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் மரையின் மேல்பகுதியிலேயே இறுகிக் கட்டியாகிவிடும், அடிவரை இறங்காது. அடியில் மழைத்தண்ணீர் தங்கும், மரை உள்ளுக்குள் அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருநாள் தண்டு மரை தொடங்கும் இடத்தில் பட்டென்று முறியும், சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடக்கும் என்பது ஒரு ஆறுதல், ஆனால் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் நடந்தால் அந்த ஆறுதல் உதவாது.

அதனால் இரண்டு பக்கமும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையைப் பார்க்க வேண்டும். குழி தெரிந்தால் தண்டும் டிரன்னியனும் புதுசுதான், வெல்டு வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுத்தமாக இருந்தாலும் விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் சோதனை செய்யுங்கள். சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். மணலி, எண்ணூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டிங் சோதனைக்கு இதைத் தினமும் செய்கிறார்கள், சின்ன பாகம்தானே என்று செய்து கொடுப்பார்கள். திரும்ப மாட்டிய பின் கிரீஸ் கன்னுக்குள் ஈபி 90 ஆயிலை ஊற்றி, சீலில் இருந்து புது ஆயில் கசியும் வரை அடியுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதே வேலை. யார் வண்டியைத் தொட்டாலும் "இங்கே கிரீஸ் வேண்டாம், ஆயில்" என்று சொல்லுங்கள், முடிந்தால் அந்த இடத்தில் பெயிண்டால் எழுதியே வைத்துவிடுங்கள்.

சேஸிஸ். ஹெரால்டில் பாடி தனி, சேஸிஸ் தனி, போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. இது நல்ல செய்தி, துருப்பிடித்த பாகத்தை மட்டும் வெட்டி மாற்றலாம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது, மந்தமாக வந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நடு நீளக் கம்பிகளை விட, பக்கவாட்டில் கைபோல் நீண்டு பாடியைத் தாங்கும் துண்டுகளும் டிக்கிக்கு அடியில் இருப்பவையும்தான் முதலில் போகும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம், பாடியை இறக்க வேண்டியதே இல்லை. இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், போல்ட்டைத் தொடுவதற்கு முன் நான்கு கதவு இடைவெளியையும் அளந்து எழுதி, கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்து வெல்டு செய்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப வைக்கும்போது கதவு மூடாது. உங்கள் டிங்கரிடம் இந்த ஆங்கிள் விஷயத்தைக் கேளுங்கள், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்கு இந்த வேலை தெரியுமா என்று தெரிந்துவிடும்.

வண்ணாரப்பேட்டை கடலுக்கு ரொம்பப் பக்கம். காசிமேட்டுக் காற்று முப்பது வருஷம் அந்த ஷெட்டுக்குள் அடித்திருக்கிறது. உப்பு துருவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் அடியிலிருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். சுரண்டியதும் நேராக பிரைமர் அடிக்காதீர்கள். நல்ல தண்ணீரால், போர்வெல் உப்புத் தண்ணீர் இல்லை, இரண்டு மூன்று தடவை கழுவி, நன்றாகக் காயவைத்து, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைத் தடவி, அப்புறம் கப்பலுக்கும் இரும்புப் படகுக்கும் அடிக்கிற வகை ஈபாக்ஸி பிரைமர் போடுங்கள். துறைமுகம் இருக்கிற ஊரில் அது கிடைப்பது கஷ்டமில்லை, கெமிக்கல் சாமானுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு இருக்கவே இருக்கிறது. இந்த வேலையெல்லாம் பிப்ரவரியிலிருந்து மே வரை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள். அதுவரை வண்டிமேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துத் துருவை வளர்க்கும். பருத்தித் துணி போதும், காற்று போய்வர வேண்டும்.

பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் பக்கவாட்டில் இருக்கும், கழற்றுவது சுலபம். உள்ளே தார்போல ஒரு கசடும் துருவும் இருக்கும். கழுவாமல் ஓட்டினால் அது கார்பரேட்டர் ஜெட்டை அடைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையை அடைக்கக் காலி டேங்கில் கேஸ் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து, பெட்ரோல் ஆவி வருஷக்கணக்கில் உள்ளே தங்கும், அனுபவமுள்ள ரேடியேட்டர் கடைக்காரரிடம் மட்டும் கொடுங்கள். அப்புறம் இன்றைய பெட்ரோல். உங்கள் வண்டி கடைசியாக ஓடியபோது ஈயம் கலந்த பெட்ரோல்தான் இருந்தது, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க அது நின்றுவிட்டது. வால்வு சீட்டுக்கு அந்த ஈயம் ஒரு பாதுகாப்பு. மெதுவாக ஓட்டுகிறவருக்கு உடனே பிரச்சினை இல்லை, ஆனால் என்றைக்கு ஹெட் வேலை வந்தாலும் எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டிப்படுத்திய சீட் போட்டுவிடச் சொல்லுங்கள். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் அது ஊறவைத்து நொறுக்கும், எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்க வேண்டாம்.

வயரிங்கைப் பெருச்சாளி எவ்வளவு விட்டுவைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், துணி சுற்றிய பழைய வயர் உதிர்ந்தால் மொத்தமும் மாற்றுவதே நல்லது. பேட்டரி மாட்டும் முன் எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வகைக் கார்கள் பல பாசிட்டிவ் எர்த். இப்போதைய பழக்கத்தில் மாட்டிவிட்டால் டைனமோவோ ரேடியோவோ போகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இன்ஜின். புது 20டபிள்யூ-50 ஆயில், புது ஃபில்டர், பிளக் மாட்டாமலே செல்ஃப் அடித்து ஆயில் லைட் அணையும் வரை சுற்றவிட்டு, அப்புறம் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்ச் தகடு ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது, அந்த நிலைமை வந்தால் எழுதுங்கள். டயரில் பட்டன் இருந்தாலும் முப்பது வருஷ ரப்பர் ரப்பர் இல்லை. பழைய அளவு 5.20-13, அதற்கு 145/80 ஆர்13 ரேடியல் பொருந்தும்.

ஆளுக்கு எங்கே போவது? புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வடசென்னையில் இருக்கிற உங்களுக்கு அதைவிட நல்லது பக்கத்திலேயே இருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் எண்ணூர் லேலண்டிலும் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஃபிட்டர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அந்த லேலண்டே 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத்தான் தொடங்கியது. மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த அப்படி ஒரு பெரியவர் உங்களோடு உட்கார்ந்தால், காசிமேட்டுப் படகு இன்ஜின் பட்டறையில் சிலிண்டர் ஸ்லீவ் போடும் ஆள் துணைக்கு இருந்தால், வேறெங்கும் போகவே வேண்டாம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் ஆட்களிடமும் பேசுங்கள், உதிரி பாகங்கள் யாரிடம் தூங்குகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.

பேப்பர் விஷயத்தை வேலையோடு சேர்த்தே தொடங்குங்கள். ஆர்சி இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசு சான்றிதழோடு ஃபார்ம் 31 போட்டு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்புறம் இரண்டு வழி. சாதாரண ரெனிவல் என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டி, தினசரியும் ஓட்டலாம். இன்னொன்று 2021-ல் வந்த விண்டேஜ் விதி: முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற தனி சீரிஸ் நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அந்த நம்பரில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "மாருதி இன்ஜின் போட்டுக்கலாம், மைலேஜ் வரும்" என்று யோசனை சொல்ல வருகிறவர்களுக்கு இது ஒன்றே பதில். என் அபிப்பிராயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜாஜி சாலை வழியாக பீச் வரை போய்வர ஆசை இருந்தால் முதல் வழியை எடுங்கள்.

அந்த முதல் ஓட்டத்தில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக் மிதிக்காதீர்கள். பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில், பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உள்ளே மடங்கும். மணலி ரோடு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

பிளக்கைக் கழற்றி ஆயில் விட்டதும் அந்த வாரம் சும்மா இருக்கப் போவதில்லை அல்லவா, முன்பக்கம் ஜாக்கி போட்டு, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, இரண்டு டிரன்னியனையும் கழுவிவிட்டு நெருக்கத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கூடவே சேஸிஸ் நம்பர் தகட்டின் படமும் இருந்தால், இங்கிலாந்தில் எந்த பாகத்தை ஆர்டர் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.